கம்ப்யூட்டரும் ஸ்லோ, வைஃபையும் கட் ஆகுது: எதை முதல்ல பார்க்கணும், எதுக்கு அப்புறம் எது

நெட் ஸ்லோன்னு கூப்பிடுற வீட்டுக்கு போய் உட்கார்ந்து பார்த்தா, நிறைய தடவை நெட் நல்லாதான் ஓடிட்டு இருக்கும், உள்ள இருக்கற பழைய ஹார்ட் டிஸ்க்தான் மூச்சு வாங்கிட்டு இருக்கும். கம்ப்யூட்டர் ஸ்லோன்னு சொல்ற வீட்ல அப்படியே தலைகீழ். மெஷின் நல்லா இருக்கும், வைஃபை நிமிஷத்துக்கு ஒருக்கா அறுந்து அறுந்து ஒட்டும், பேஜ் வராம சுத்திட்டே இருக்கறத பார்த்துட்டு லேப்டாப் போச்சுன்னு முடிவு கட்டிடுவாங்க.

ரெண்டும் சேர்ந்து இருந்தா இன்னும் கஷ்டம். எங்க சித்தி வீட்ல அப்படித்தான் இருந்துச்சு. 2018ல வாங்குன லேப்டாப், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ரவுட்டர் ஹால்ல டிவிக்கு பின்னாடி, பையன் படிக்கறது பின் ரூம்ல. நான் போறதுக்குள்ள அவங்க புதுசா ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டியாச்சு, ஒண்ணும் மாறல. "யாரோ வாங்க சொன்னாங்க, வாங்கிட்டேன்டா"ன்னாங்க. காசு கடைசியாதான் வெளிய வரணும், முதல்ல எது பழுதுன்னு பிரிக்கணும். கீழ இருக்கற வரிசை அதுக்குத்தான், தாண்டி தாண்டி செய்யாதீங்க.

1. உட்காரறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

ஒரு பேப்பர், பேனா. ஒவ்வொண்ணும் மாத்துன நேரத்தை எழுதுங்க. ஒரு நேரத்துல ஒரு மாத்தம் மட்டும்தான். நாலு செட்டிங்கை ஒரே மூச்சுல மாத்திட்டு சரியாயிடுச்சுன்னா எதனால சரியாச்சுன்னு தெரியாது, மறுபடி கெட்டா எங்க கை வைக்கணும்னும் தெரியாது.

டேட்டா இருக்கற ஒரு போன், ஒரு லேன் கேபிள். ரவுட்டர் வாங்கும்போது டப்பாவுலயே குட்டியா ஒண்ணு குடுத்திருப்பாங்க, அதுவே போதும். உங்க லேப்டாப்ல லேன் போர்ட் இல்லனா யாராவதுகிட்ட யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒரு நாளைக்கு வாங்கிக்கோங்க.

ரவுட்டர் அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கரை போன்ல போட்டோ எடுங்க. வைஃபை பாஸ்வேர்டை எழுதி வையுங்க, பின்னாடி ஒரு ஸ்டெப்ல கம்ப்யூட்டர் அதை மறந்துடும்.

எல்லாத்துக்கும் மேல பேக்கப். ஸ்லோவா இருக்கற பழைய ஹார்ட் டிஸ்க் வெறும் ஸ்லோவா இருக்கலாம், சாகப்போறதாவும் இருக்கலாம், வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். குழந்தை போட்டோ, ஸ்கேன் பண்ண பத்திரம், மார்க்‌ஷீட் இதையெல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இல்லனா பென்டிரைவ்ல முதல்ல ஏத்துங்க. டெஸ்ட் அப்புறம்.

2. ரீஸ்டார்ட், ஆனா சரியான ரீஸ்டார்ட்

"தினமும் ஆஃப் பண்ணிட்டுதான் தூங்கறேன்"னு எல்லாரும் சொல்லுவாங்க. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு பெரும்பாலும் ஆன்ல இருக்கும். ஷட்டவுன் குடுத்தா விண்டோஸோட உள் பகுதியை மூடாம அப்படியே டிஸ்க்ல எழுதி வச்சுட்டு அடுத்த நாள் அதையே எடுத்து ஓட்டும். நேத்து சிக்கிக்கிட்டு இருந்த டிரைவர் (வைஃபை கார்டு மாதிரி பாகங்களை ஓட்டற சாஃப்ட்வேர்) இன்னைக்கும் சிக்கிக்கிட்டுதான் எழுந்திரிக்கும். ரீஸ்டார்ட் குடுத்தாதான் எல்லாம் புதுசா ஏறும்.

நம்பிக்கை வரலன்னா கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுத்துங்க, டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதுல பெர்ஃபாமன்ஸ் போய் சிபியூவை கிளிக் பண்ணா கீழ அப்டைம்னு இருக்கும். தினமும் ஆஃப் பண்ற மெஷின்ல 23 நாள்னு இருக்கறதை சித்தி வீட்லயே பார்த்தேன்.

ரவுட்டரும் அப்படித்தான். பிளக்கை பிடுங்கிட்டு ஒரு நிமிஷம் விடுங்க. ஃபைபர் பெட்டி தனியா, ரவுட்டர் தனியா இருந்தா முதல்ல ஃபைபர் பெட்டியை போட்டு அதோட லைட்டு நிலையா வந்தப்புறம் ரவுட்டரை போடுங்க, ஏன்னா வெளி லைன் வர்றதுக்கு முன்னாடியே ரவுட்டர் எழுந்து தேடிட்டு கிடைக்காம நின்னுடறது உண்டு.

இந்த இடத்துல ஒரு தப்பு அடிக்கடி நடக்குது. பின்னாடி ஊசி நுழையற ஓட்டை இருக்கும், ரீசெட்னு எழுதியிருக்கும். அதை குத்தாதீங்க. அது ரீஸ்டார்ட் இல்ல, கேபிள்காரர் போட்டு வச்ச யூசர்நேம், பாஸ்வேர்ட், லைன் செட்டிங் அத்தனையும் அழிஞ்சு போயிடும், அவர் வர்ற வரைக்கும் வீடே நெட் இல்லாம உட்கார்ந்திருக்கணும்.

3. பழுது எந்த பக்கம்னு பிரிக்கற மூணு டெஸ்ட்

குழாய்ல தண்ணி வரலன்னா முதல்ல டேங்க்ல இருக்கான்னு பார்ப்போம், அப்புறம்தான் பைப், குழாய் எல்லாம். இதுவும் அதேதான். இந்த மூணுக்கும் சேர்த்து அரைமணி நேரம் ஆகும், ஆனா பல நாள் அலைச்சல் மிச்சம்.

முதல் டெஸ்ட்: கம்ப்யூட்டர் பக்கத்துலயே போனை வச்சு, அதே வைஃபைல, மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு பத்து நிமிஷம் வீடியோ ஓடவிடுங்க. டேட்டா ஆஃப் பண்றது முக்கியம், இல்லனா வைஃபை அறுந்ததுமே போன் சத்தம் இல்லாம டேட்டாவுக்கு மாறிடும், நீங்க வைஃபை நல்லா இருக்குன்னு நினைச்சுப்பீங்க. போனும் நின்னு நின்னு ஓடுச்சுன்னா குத்தம் கம்ப்யூட்டர்ல மட்டும் இல்ல.

ரெண்டாவது டெஸ்ட்: போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு கம்ப்யூட்டரை அதுல இணைங்க, போனை ஒரு அடி தூரத்துல வையுங்க. அப்பவும் கம்ப்யூட்டர் இழுத்துச்சுன்னா ரவுட்டரை மறந்துடுங்க, மெஷினையும் அதோட வைஃபை கார்டையும்தான் பார்க்கணும். சித்தி இந்த ஒரு டெஸ்ட்டை முன்னாடியே பண்ணியிருந்தா ரவுட்டர் காசு மிச்சம் ஆகியிருக்கும்.

மூணாவது டெஸ்ட்: ரவுட்டர்ல இருந்து நேரா லேன் கேபிள் போட்டு, வைஃபையை ஆஃப் பண்ணிட்டு பாருங்க. கேபிள்ல பறக்குது, வைஃபைல திணறுதுன்னா வெளி லைன் நல்லா இருக்கு, காத்துல வர்றதுதான் பிரச்சினை. கேபிள்லயும் கட் ஆகுதுன்னா ரவுட்டர் இல்லனா வெளி லைன்.

ஸ்பீடு டெஸ்ட் நம்பரை பார்க்கும்போது ஒண்ணு கவனிங்க. பிளான்ல சொல்ற 100 எம்பிபிஎஸ் பிட் கணக்கு, டவுன்லோட்ல தெரியற எம்பி பைட் கணக்கு, நடுவுல 8ஆல வகுக்கணும். 100 பிளான்ல செகண்டுக்கு 12 எம்பி கிட்ட இறங்குச்சுன்னா முழுசா வருதுன்னு அர்த்தம், யாரும் ஏமாத்தல.

ரெண்டு பக்கமும் பழுதுன்னு வந்தா கம்ப்யூட்டரை முதல்ல சரி பண்ணுங்க. திணறிட்டு இருக்கற மெஷின்ல எடுக்கற ஸ்பீடு டெஸ்ட்டே பொய் சொல்லும், பேஜை திறக்கவே அதுக்கு முடியாதபோது நெட் எவ்வளவு வந்தாலும் நம்பர் கம்மியாதான் காட்டும்.

4. டாஸ்க் மேனேஜரை படிக்கறது

ரீஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் எதையும் தொடாம விடுங்க. ஆன் ஆனவுடனே பார்த்தா எந்த மெஷினும் பிஸியாதான் இருக்கும், அதை வச்சு முடிவு பண்ணக்கூடாது. அப்புறம் டாஸ்க் மேனேஜரை திறந்து பெர்ஃபாமன்ஸ்ல மூணு இடம் பாருங்க.

சிபியூ: சும்மா இருக்கும்போது 10 சதவீதத்துக்கு கீழ இருக்கணும். 60, 70ன்னு நின்னுச்சுன்னா பிராசஸ் பக்கம் போய் சிபியூ தலைப்பை கிளிக் பண்ணுங்க, அதிகமா தின்றது மேல வந்து நிக்கும்.

மெமரி: நீங்க வழக்கமா திறக்கற பிரவுசர் டேப் எல்லாம் திறந்துட்டு பாருங்க. 90 சதவீதத்தை தாண்டிட்டா ரேம் பத்தல. ரேம் பத்தலன்னா விண்டோஸ் டிஸ்க்கை ரேம் மாதிரி பயன்படுத்த ஆரம்பிக்கும், அங்கதான் எல்லாம் உறையறது.

டிஸ்க்: எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். சித்தி லேப்டாப்ல டிஸ்க் 100 சதவீதம்னு சிவந்து நின்னுச்சு, ஆனா படிக்கற வேகம் பார்த்தா செகண்டுக்கு 1.4 எம்பிதான், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் 2000 மில்லிசெகண்டுக்கு மேல. ஒரு சின்ன ஃபைலை கேட்டா 2 செகண்ட் கழிச்சு பதில் வருதுன்னு அர்த்தம். ஸ்டார்ட் மெனுவை அமுத்திட்டு நாம பல்லை கடிச்சிட்டு உட்கார்ந்திருக்கறது இதனாலதான்.

ஹார்ட் டிஸ்க் உள்ள ஒரு முள் நகர்ந்து நகர்ந்துதான் படிக்கும், ஒவ்வொரு நகர்தலுக்கும் 10 மில்லிசெகண்ட் அளவுக்கு ஆகும், விண்டோஸ் அப்டேட்டும் ஆன்டிவைரஸும் பிரவுசரும் ஒரே நேரத்துல வேற வேற இடத்தை கேட்டா முள் அலைஞ்சிட்டே இருக்கும், படிக்கறது கம்மி, அலையறது ஜாஸ்தி. வைஃபையும் அறுந்து அறுந்து வந்தா அப்டேட் பாதியில நின்னு திரும்ப திரும்ப ஆரம்பிக்கும், டிஸ்க்குக்கு ஓய்வே கிடைக்காது. ரெண்டு பழுதும் ஒண்ணை ஒண்ணு பெருசாக்கறது இப்படித்தான்.

5. காசு செலவில்லாம குறைக்க முடியறது

டாஸ்க் மேனேஜர்லயே ஸ்டார்ட்அப் ஆப்ஸ் இருக்கு. அங்க மீட்டிங் ஆப், கேம் லாஞ்சர், டாரண்ட், பிரிண்டரோட கூட வந்தது எல்லாம் டிசேபிள் பண்ணுங்க. இது அழிக்கறது இல்ல, ஆன் ஆகும்போதே வந்து ஒட்டிக்காம இருக்கும், வேணும்போது நீங்களே திறந்துக்கலாம். சவுண்ட், டச்பேட் மாதிரி பேர் இருக்கறதை தொடாதீங்க.

ஆன்டிவைரஸ் ஒண்ணுதான் இருக்கணும். லேப்டாப்போட வந்த டிரையல் ஒண்ணு, கடைக்காரர் போட்டது ஒண்ணுன்னு ரெண்டு இருந்தா ஒவ்வொரு ஃபைலையும் ரெண்டு பேரும் சோதனை போடுவாங்க. காலம் முடிஞ்ச டிரையலை முழுசா அன்இன்ஸ்டால் பண்ணுங்க, அப்போ விண்டோஸோட சொந்த டிஃபெண்டர் தானா எழுந்துக்கும், வீட்டு உபயோகத்துக்கு அது போதும்.

சி டிரைவ்ல 15 சதவீதமாவது காலியா இருக்கட்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போய் சுத்தம் பண்ணலாம், ஆனா அந்த லிஸ்ட்ல டவுன்லோட்ஸ்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அதுல டிக் போட்டா உங்க டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல இருக்கற அத்தனையும் போயிடும். நிறைய பேர் மார்க்‌ஷீட்டும் டிக்கெட்டும் அங்கதான் வச்சிருப்பாங்க. எல்லாத்தையும் டிக் பண்ணி ஓகே குடுத்துட்டு அழுதவங்களை பார்த்திருக்கேன்.

பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களை ஒரு தடவை பாருங்க, நீங்க போட்டதா ஞாபகம் இல்லாததை எடுத்துடுங்க. கிளவுட் டிரைவ் சிங்க் ஓடிட்டு இருந்தா இந்த டெஸ்ட் முடியற வரைக்கும் பாஸ் பண்ணுங்க, அது டிஸ்க்கையும் வைஃபையும் சேர்த்தே தின்னும்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர், ரேம் பூஸ்டர், டிரைவர் அப்டேட்டர்னு வர்ற எதையும் இறக்காதீங்க. ரெஜிஸ்ட்ரிங்கறது விண்டோஸ் தன்னோட செட்டிங்கை எல்லாம் எழுதி வைக்கற இடம், அதை சுத்தம் பண்றதால மெஷின் வேகமாகாது, உடையறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. வீட்ல யாராவது இதை ஏற்கனவே போட்டிருந்தா முதல்ல அதை எடுங்க.

6. சூடும் தூசியும்

ஃபேன் கத்துது, அடிப்பக்கம் தொட முடியல, பத்து நிமிஷம் நல்லா ஓடிட்டு அப்புறம் படுத்துக்குதுன்னா இது சூடு. சிபியூ தன்னை காப்பாத்திக்க வேகத்தை தானே குறைச்சுக்கும். டாஸ்க் மேனேஜர்ல சிபியூ ஸ்பீடை பாருங்க, வேலை நடக்கும்போதே 0.8 கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கி நின்னா சந்தேகமே வேணாம்.

மெத்தை, தலகாணி மேல வச்சு ஓட்டாதீங்க, காத்து ஓட்டை அடைபடும். டெஸ்க்டாப்பா இருந்தா பிளக்கை பிடுங்கிட்டு பக்கவாட்டு மூடியை கழட்டி பால்கனிக்கு கொண்டுபோய் ப்ளோயரால ஊதுங்க, ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கணும், காத்துல பேய் வேகத்துல சுத்துனா பேரிங் போயிடும். லேப்டாப்புக்கு உள்ள திறந்து பழக்கம் இல்லனா சர்வீஸ்ல தூசி எடுத்து, சிபியூ மேல தடவியிருக்கற தெர்மல் பேஸ்ட்டை மாத்த சொல்லுங்க.

7. டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு பார்க்கறது

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. திறந்ததும் மேல குட் இல்லனா காஷன்னு காட்டும். 05, சி5, சி6 இந்த மூணு வரியை பாருங்க. 05 கெட்டுப்போன இடத்துக்கு பதிலா மாத்து இடம் குடுத்த எண்ணிக்கை, சி5 படிக்க முடியாம சந்தேகத்துல நிக்கற இடம், சி6 திருத்தவே முடியாதது. இதுல சி5 பூஜ்யமா இல்லாம நாளுக்கு நாள் ஏறுச்சுன்னா அந்த டிஸ்க்கை நம்பாதீங்க, ஃபார்மேட் பண்ணா சரியாகும்னு யாராவது சொன்னாலும் கேக்காதீங்க. முதல் ஸ்டெப்ல பேக்கப் எடுக்க சொன்னது இந்த நாளுக்காகத்தான்.

8. எஸ்எஸ்டியா, ரேமா

ரெண்டுக்கும் காசு இல்லனா எஸ்எஸ்டி, அதாவது முள் இல்லாம சிப்புலயே எழுதற டிஸ்க். 2018, 2019 வாக்குல ஹார்ட் டிஸ்க்கோட வந்த லேப்டாப்ல இதைவிட பெரிய மாத்தம் வேற எதுவும் தராது. சாட்டாங்கற, ஹார்ட் டிஸ்க்குக்கு இருக்கற அதே கனெக்டர்ல போடற சாதாரண எஸ்எஸ்டியே செகண்டுக்கு 500 எம்பி கிட்ட படிக்கும், ஆனா வித்தியாசம் அந்த நம்பர்ல இல்ல, முள் நகர வேண்டிய வேலையே இல்லாததுல இருக்கு. டிஸ்க் நல்லா இருந்து மெமரி மட்டும் நிரம்புதுன்னா ரேம்.

வாங்கறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜர்ல மெமரியை கிளிக் பண்ணுங்க, ஸ்லாட் ரெண்டுல ஒண்ணு காலியான்னு அங்கயே காட்டும். டிடிஆர்3யா டிடிஆர்4ஆன்னு பாருங்க, ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு நுழையாது. எஸ்எஸ்டில 2.5 இன்ச் சாட்டாதான் பழைய ஹார்ட் டிஸ்க் இடத்துல அப்படியே உட்காரும். எம்.2ங்கற குட்டி பட்டை மாதிரி எஸ்எஸ்டி வாங்கறதா இருந்தா உங்க மெஷின் சாட்டா எம்.2வை ஏத்துக்குமா என்விஎம்இயை ஏத்துக்குமான்னு மாடல் நம்பரை வச்சு பார்த்துட்டு வாங்குங்க, ரெண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மாறிட்டா வேலை செய்யாது.

டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்ல இருக்கறதை பூட்டி வைக்கற வசதி) ஆன்ல இருந்தா 48 இலக்க ரிக்கவரி கீயை உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருந்து எழுதி வச்சுக்கோங்க. உள்ள கை வச்சப்புறம் அதை கேட்டு நின்னுடுச்சுன்னா, கீ இல்லாம பழைய டேட்டாவை யாராலயும் திறக்க முடியாது.

பழசை அப்படியே குளோன் பண்றதைவிட புதுசா விண்டோஸ் போடறதை நான் விரும்புவேன், பல வருஷ குப்பையையும் சேர்த்து புது டிஸ்க்குக்கு குடியேத்த வேண்டாம். விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுடுச்சு. 11 போடணும்னா இன்டெல்ல பொதுவா 8ஆம் தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதியும் வேணும். உங்க மெஷினுக்கு அது இல்லாம, பிரவுசரும் மெயிலும் மட்டும்தான் வேலைன்னா லினக்ஸ் மின்ட் போட்டுக்கலாம், பழைய மெஷின்ல நல்லாவே ஓடும்.

9. வைஃபை எங்க அறுகுதுன்னு பிங் பண்ணி பார்க்கறது

இப்போ மெஷின் நிதானத்துக்கு வந்துடுச்சு, வைஃபைக்கு வரலாம். பிங்னா ஒரு குட்டி செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கறது. ஸ்டார்ட்ல சிஎம்டின்னு தேடி கறுப்பு விண்டோவை திறங்க. ஐபிகான்ஃபிக்னு இங்கிலீஷ்ல சேர்த்து அடிச்சா டீஃபால்ட் கேட்வேன்னு ஒரு நம்பர் வரும், பெரும்பாலும் 192.168.1.1. அதுதான் உங்க ரவுட்டர். உங்க சொந்த அட்ரஸ் 169.254ன்னு ஆரம்பிச்சா வைஃபை ஒட்டியிருக்கு, ஆனா ரவுட்டர் அட்ரஸ் குடுக்கலன்னு அர்த்தம்.

ரெண்டு விண்டோ திறங்க. ஒண்ணுல பிங்னு இங்கிலீஷ்ல அடிச்சு, இடைவெளி விட்டு ரவுட்டர் நம்பர், திரும்ப இடைவெளி விட்டு மைனஸ் டி. இன்னொண்ணுல அதே மாதிரி 8.8.8.8க்கு, அது வீட்டுக்கு வெளிய இருக்கற கூகுள் சர்வர். மைனஸ் டி போட்டாதான் நிக்காம ஓடும். அரைமணி நேரம் விட்டுட்டு கண்ட்ரோல் சி அமுத்துனா எத்தனை போச்சு, எத்தனை வந்துச்சுன்னு கணக்கு குடுக்கும்.

ரவுட்டருக்கு போற பிங் 1ல இருந்து 5 மில்லிசெகண்டுக்குள்ள நிலையா இருக்கணும். அது 300, 800னு எகிறுனாலோ டைம்டு அவுட்னு வந்தாலோ வீட்டுக்குள்ள காத்துலதான் பழுது, 10ஆம் 11ஆம் ஸ்டெப்புக்கு போங்க. ரவுட்டருக்கு சுத்தமா போகுது, 8.8.8.8க்கு மட்டும் அறுகுதுன்னா வெளி லைன், நேரா 12. ரெண்டும் நல்லா இருந்து வெப்சைட் மட்டும் திறக்கலன்னா டிஎன்எஸ்ஸை (சைட் பேரை நம்பரா மாத்தி குடுக்கறது) 1.1.1.1 இல்லனா 8.8.8.8னு மாத்தி பாருங்க. மெஷின்ல தேதி தப்பா இருந்தாலும் சைட் திறக்காது, பழைய டெஸ்க்டாப்ல மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோனா தினமும் தேதி பின்னாடி போயிடும்.

10. ரவுட்டர் உட்காரற இடம், பேண்ட், சேனல்

டிவிக்கு பின்னாடி, ஷோகேஸ் உள்ள, இரும்பு பீரோ மேல, ஸ்விட்ச் போர்டு ஓரமா தரையில, கேபிள்காரர் ஒயர் எங்க எட்டுதோ அங்க வச்சுட்டு போயிருப்பார். இரும்பு, கண்ணாடிக்கு பின்னாடி இருக்கற ரசம், தண்ணி, கான்கிரீட் இதெல்லாம் சிக்னலை தின்னும். தோள் உயரத்துக்கு மேல, திறந்த இடத்துல, வீட்டு நடுவுக்கு முடிஞ்ச அளவு பக்கமா வையுங்க. சித்தி வீட்ல டிவிக்கு பின்னாடி இருந்ததை எடுத்து ஹால் கதவு மேல பலகை அடிச்சு வச்சோம், பின் ரூம்ல போன் காட்டுன சிக்னல் மைனஸ் 78ல இருந்து மைனஸ் 64க்கு வந்துச்சு. இந்த நம்பர் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது, மைனஸ் 67க்குள்ள இருந்தா வீடியோ கால் தாங்கும், மைனஸ் 75ஐ தாண்டுனா அறுந்துட்டேதான் இருக்கும்.

ரவுட்டர்ல இருந்து வைஃபை லிஸ்ட்ல ரெண்டு பேர் காட்டும், ஒண்ணு சாதாரண பேர், இன்னொண்ணு கடைசியில 5ஜின்னு முடியும். இதுக்கும் சிம் கார்டு 5ஜிக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, இது 5 கிகாஹெர்ட்ஸ். வேகம் ஜாஸ்தி, சுவரை தாண்டற பலம் கம்மி. சாதாரண பேர் 2.4 கிகாஹெர்ட்ஸ், அது தூரம் போகும், ஆனா பக்கத்து வீட்டு ரவுட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்துலதான் கத்திட்டு இருக்கும். சமையல் நேரத்துல மட்டும் கட் ஆகுதுன்னு சொன்னா அடுப்பை கேளுங்க.

2.4, 5னு இருக்கற இந்த ரெண்டு பேண்டுக்கும் ஒரே பேர் வச்சிருந்தா பழைய லேப்டாப் ரெண்டுக்கும் நடுவுல தாவிட்டே இருக்கும், அந்த தாவல்தான் கட். தனித்தனி பேர் வச்சு, ரவுட்டர் இருக்கற ரூம்ல, அடுத்த ரூம்ல 5, தூரத்து ரூம்ல 2.4னு நீங்களே முடிவு பண்ணி ஒண்ணுல மட்டும் ஒட்ட வையுங்க, இன்னொண்ணை லேப்டாப்ல ஃபர்கெட் குடுத்துடுங்க.

ரவுட்டர் செட்டிங்ல 2.4ஓட சேனலை (பேண்டுக்குள்ள சிக்னல் போற பாதை) 1, 6, 11 இந்த மூணுல எது காலியோ அதுல வையுங்க, இந்த மூணுதான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. 3லயும் 4லயும் வச்சா ரெண்டு பக்கத்து சத்தமும் விழும். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். அப்பார்ட்மென்ட்ல 40 வச்சா வேகம் வரும்னு நினைப்பாங்க, அடுத்த வீட்டோட மோதல்தான் வரும். 5ல 36ல இருந்து 48க்குள்ள வையுங்க, 52ல ஆரம்பிக்கற சேனல்கள் ரேடாரோட பங்கு போடறது, ரேடார் சத்தம் கேட்டுச்சுன்னா ரவுட்டர் அந்த சேனலை விட்டு ஓடியே ஆகணும், அப்போ உங்களுக்கு கட்.

செக்யூரிட்டி டபிள்யூபிஏ2, ஏஇஎஸ்னு இருக்கட்டும். டிகேஐபிங்கற பழைய முறை இருந்தா வேகம் 54 எம்பிபிஎஸ்ஸை தாண்டாது.

11. கம்ப்யூட்டர் பக்கத்து வைஃபை

டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர்ஸ், உங்க வைஃபை கார்டு, பிராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட். பவரை மிச்சம் பிடிக்க இந்த டிவைஸை ஆஃப் பண்ணலாம்ங்கற டிக்கை எடுத்துடுங்க. கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டு வந்தா வைஃபை போயிருக்கறது, தூக்கத்துல இருந்து எழுப்புனா ஒட்டாதது, நிறைய தடவை இந்த ஒரு டிக்தான். சில மெஷின்ல அந்த பக்கமே இருக்காது, விட்டுட்டு அடுத்ததுக்கு போங்க.

டிரைவரை லேப்டாப் கம்பெனியோட சொந்த சைட்ல மாடல் நம்பர் போட்டு எடுங்க. ஒரு அப்டேட்டுக்கு அப்புறம்தான் கெட்டுச்சுன்னா புதுசு தேடாதீங்க, அதே பிராப்பர்ட்டீஸ்ல டிரைவர் பக்கம் ரோல் பேக் இருக்கும், பழசுக்கே போங்க.

கடையில எஸ்எஸ்டியோ ரேமோ போட்டு வந்த நாள்ல இருந்து சிக்னல் ஒரு கோடுதான் காட்டுதுன்னா டிரைவரை தொடவே வேணாம். சித்தி லேப்டாப் எஸ்எஸ்டி போட்டு வந்து பறந்துச்சு, ஆனா ரவுட்டருக்கு நாலடி தூரத்துலயே வைஃபை ஒரு கோடு. அடி மூடியை திறந்து பார்த்தா வைஃபை கார்டுக்கு போற கறுப்பு ஒயரும் வெள்ளை ஒயரும் கழண்டு பக்கத்துல கிடந்துச்சு. அதுதான் ஆன்டெனா, ஸ்கிரீன் ஓரம் வரைக்கும் ஓடுது. நுனியில கடுகு அளவுக்கு வட்டமா ஒரு தொப்பி இருக்கும், அதை கார்டுல இருக்கற குட்டி வளையத்துக்கு நேரா வச்சு நகத்தால செங்குத்தா அமுத்துனா டிக்னு ஒரு சத்தம். சாய்ச்சு அமுத்துனா வளையம் நசுங்கிடும். அந்த டிக் கேட்டதும் நாலு கோடும் வந்துடுச்சு.

டெஸ்க்டாப்புல யூஎஸ்பி வைஃபை டாங்கிளை பின்னாடி சுவரை பார்த்து குத்தியிருந்தா ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு மேஜை மேல கொண்டு வாங்க. யூஎஸ்பி 3 எக்ஸ்டர்னல் டிஸ்க் அதுக்கு பக்கத்துல இருந்தா தள்ளி வையுங்க, யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கிளப்பும்.

எதுவுமே ஆகலன்னா கடைசியா விண்டோஸ் செட்டிங்ஸ்ல இருக்கற நெட்வொர்க் ரீசெட். இது எல்லா வைஃபை பாஸ்வேர்டையும் மறந்துடும், மெஷினும் ரீஸ்டார்ட் ஆகும். முதல்லயே எழுதி வச்ச பேப்பர் இப்போ வேலைக்கு ஆகும்.

12. வெளி லைன்னு தெரிஞ்சா கேபிள்காரர்கிட்ட என்ன சொல்லணும்

ஃபைபர் பெட்டியில எல்ஓஎஸ் லைட்டு சிவப்பா எரிஞ்சாலோ மினுக்குனாலோ வெளிச்சமே வந்து சேரல, நீங்க ஒண்ணும் செய்ய முடியாது. அதுக்கு முன்னாடி மெல்லிசா வர்ற அந்த ஒயரை மட்டும் பாருங்க, ஆணியில இறுக்கி சுத்தியிருந்தாலோ கதவு இடுக்குல மடங்கியிருந்தாலோ மெதுவா தளர்த்தி பெரிய வளையமா விடுங்க. ஃபைபர்ல கூர்மையா மடிஞ்சா வெளிச்சம் ஒழுகிடும். முனையை கழட்டி கண்ணுல வச்சு பார்க்காதீங்க, குழந்தைங்களையும் விடாதீங்க, அந்த ஒளி கண்ணுக்கு தெரியாது, ஆனா கண்ணை கெடுக்கும்.

லைட்டெல்லாம் சரியா இருந்தும் கட் ஆகுதுன்னா பெட்டியோட செட்டிங் பேஜ்ல ஆப்டிகல் ஆர்எக்ஸ் பவர்னு ஒரு நம்பர் இருக்கும், வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவு அது. மைனஸ் 27 கிட்ட இருந்தா விளிம்புல தொங்கிட்டு இருக்கு, வெளிய எங்கயோ ஜாயின்ட் சரியில்ல. கரண்ட் போய் வந்த நேரத்துல மட்டும் கட் ஆகுதுன்னா அது லைன் இல்ல, ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகுது, 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு போட்டா தீர்ந்துடும். வாங்கும்போது அடாப்டர்ல எழுதியிருக்கற வோல்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்க.

போன் பண்ணி "அண்ணே நெட் ஸ்லோ"ன்னா "ரீஸ்டார்ட் பண்ணுங்க"ன்னுதான் பதில் வரும். அதுக்கு பதிலா, "அண்ணே, லேன் கேபிள் போட்டு பார்த்தேன், ரவுட்டருக்கு பிங் 1லயே நிக்குது, 8.8.8.8க்கு ராத்திரி 9:10, 9:40, 10:05க்கு அறுந்துச்சு, ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 26.8 காட்டுது, ஜாயின்டை ஒரு தடவை பாருங்க"ன்னு சொல்லுங்க. மூணு நாள் நேரம் எழுதுன பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பிடுங்க, லைன் பார்க்க வர்ற தம்பி ஏணியோட நேரா கம்பத்துக்கு போவாரு, உங்க வீட்டு ரவுட்டரை நோண்டிட்டு நிக்க மாட்டாரு.